காவடியில் வந்த கம்ப்யூட்டர்

வேங்கைமேட்டு அர்த்தனாரிக்கு எந்தப் பொருளைப் பற்றியும் முதலில் தெரியவருவது அதன் கனம். பெயரும் பயனும் அதற்குப் பிறகுதான். மீசை சரியாக முளைக்கும் முன்பே சுமை தூக்க வந்தவர். மலைமேல் இருக்கிற சோளக்காடு என்ற ஊரில் பஸ்ஸிலும் லாரியிலும் வந்து இறங்குகிற சாமான்களை, ரோடு போகாத ஊர்களுக்கு நடந்து கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. சொந்தமாகக் கொஞ்சம் மரவள்ளியும், சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகும் உண்டு. அது வயிற்றுக்கு. கைச்செலவுக்குக் காவடி.

காவடி என்றால் கோயில் காவடி இல்லை. தோளின்மேல் முன்னும் பின்னுமாக நீளும் ஒரு மூங்கில் தண்டு, அதன் இரண்டு முனையிலும் கயிற்று உறி. முன்னால் தொங்குவதும் பின்னால் தொங்குவதும் ஒரே கனமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் கொஞ்சம் கூடினாலும் சமவெளியில் தெரியாது. ஏற்றத்தில் இடுப்பு சொல்லிவிடும். அதனால் அர்த்தனாரி எதையும் கட்டுவதற்கு முன் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பார். பார்த்துவிட்டு, இதற்கு இது ஜோடி என்று பிரித்து வைப்பார். தராசு கொண்டுவந்து வைத்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது.

கரண்டில் ஓடும் சாமான்களைத் தூக்குவதில் மட்டும் சுமைக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. கொண்டுபோய் இறக்கியதும் கிளம்பிவிடக் கூடாது. வீட்டுக்காரர் அதைப் போட்டுக் காட்ட வேண்டும். ரேடியோ என்றால் சத்தம் கேட்க வேண்டும், டிவி என்றால் படம் தெரிய வேண்டும். அதுவரை சுமை இறங்கியதாக அர்த்தமில்லை. வழியில் எங்கேயாவது இடித்துவிட்டான் என்ற பேச்சு பின்னால் வரக் கூடாது என்பதற்காக ஏற்பட்டது. அர்த்தனாரிக்கு அதில் வேறொரு காரணமும் இருந்தது. இவ்வளவு தூரம் தூக்கி வந்த பொருள் கண்ணைத் திறக்கிற நேரத்தில் தானும் எதிரில் இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை.

அப்படி அவர் பார்க்காமல் போன சுமை ஒன்று உண்டு. வேங்கைமேட்டுப் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர். இத்தனை வருஷமாக அது அவரைப் பொறுத்தவரை இன்னும் தோளில்தான் இருந்தது.

இந்த ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை, பள்ளிக்கூடத்து தெரசா டீச்சர் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். கரூர்ப் பக்கத்துக்காரர். மலைக்கு மாற்றலாகி வந்து மூன்று வருஷமாகிறது.

"அண்ணே, ஸ்டோர் ரூம்ல பீரோ மேல ரெண்டு பெட்டி இருக்கில்ல, பழைய கம்ப்யூட்டர். அதைச் சோளக்காட்டுல சேத்துரணும். சனிக்கிழமை லாரி வருது. பழசை ஒப்படைச்சாத்தான் புது டேப் குடுப்பாங்களாம், அதான் கையில வெச்சுப் பாக்கற சின்னக் கம்ப்யூட்டர்."

"சேத்துரலாமுங்க டீச்சர். அந்தப் பொட்டிய என்ன பண்ணுவாங்க?"

"உடைச்சு செம்பு, கண்ணாடின்னு பிரிப்பாங்க."

அர்த்தனாரி ஸ்டோர் ரூம் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "ஒருக்கா போட்டுக் காட்டிருங்க. அப்பறம் கொண்டு போறேன்" என்றார்.

"இத்தனை வருஷம் கழிச்சு அது எரியுமாண்ணே?"

"எரியாட்டிப் போகட்டுங்க. போட்டுப் பாத்தாச்சுன்னு ஆகணுமில்லீங்க."

"எனக்கு அதை மாட்டக்கூடத் தெரியாது. வீட்டுல கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளைய வெச்சுக்கிட்டு என்னைக் கேக்கறீங்க."

அவர் மகள் கலைச்செல்வி அந்த வருஷம்தான் கம்ப்யூட்டர் சயின்சில் பி.எஸ்சி. முடித்திருந்தாள். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு, பதில் வரும்வரை அம்மாவோடு மிளகுக்கொடி கட்டிக்கொண்டிருந்தாள். இதற்கா படித்தோம் என்று கேட்டால் பதில் தெரியாது. வேறு எதற்குப் படித்தோம் என்பதும் சரியாகத் தெரியாது. அப்பா வந்து விஷயத்தைச் சொன்னதும், "வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் போய்ப் பாக்கலாம்ப்பா" என்றாள்.

அர்த்தனாரி முதன்முதலாகத் தூக்கிய கரண்டு சாமான், வளப்பூர் நாடு என்று சொல்லும் மலைப் பகுதியில் ஒரு எஸ்டேட் வீட்டிலிருந்து இடம் மாறிய வால்வு ரேடியோ. அப்போதே அது பழசு. மரப்பெட்டி, முன்னால் துணி, உள்ளே கண்ணாடி வால்வுகள். ஜோடிக்கு ஒரு மூட்டை சாமை கட்டினார். கொண்டுபோய் இறக்கி, கம்பியைச் சொருகி, சுவிட்சைப் போட்டால் பேச்சு மூச்சில்லை. உடைத்துவிட்டோம் என்று பெட்டியின் மூலைகளைத் தடவிப் பார்த்தார். வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, "இருடா, சூடானாத்தான் பேசும்" என்றார். வால்வுகளுக்குள் செம்பட்டையாக ஒரு வெளிச்சம் வந்தது. அதன் பிறகு எங்கேயோ தூரத்திலிருந்து கிட்டே வருவதுபோல் ஒரு பாட்டு வந்தது. காத்திருந்தால் வரும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டார்.

பிறகு பஞ்சாயத்து டிவி வந்தது. கதவு வைத்த மரப்பெட்டி. அது காவடிக்கு அடங்காது. தண்டின் நடுவில் கட்டி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவராகத் தூக்கினார்கள். ஊரே கூடியிருக்க, அன்று திரையில் தெரிந்தது வெறும் புள்ளிகள்தான். ஆண்டெனாவைத் திருப்பத் திருப்ப, புள்ளிகளுக்கு நடுவில் ஒரு பெண் செய்தி வாசித்தாள். என்ன வாசித்தாள் என்று யாரும் கேட்கவில்லை. கல்யாணத்துக்குக் கூம்பு ஸ்பீக்கரும் ஆம்ப்ளிபயரும் போயின. டேப் ரெக்கார்டர் வந்தபோது, இரண்டை உறியில் போட்டுக்கொண்டு ஏறினால் சும்மா நடப்பதுபோல் இருந்தது. அரசாங்கம் இலவசமாக டிவி கொடுத்த வருஷம் மலை ஏறிய டிவிகளுக்குக் கணக்கே இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் படம் வரும்வரை உட்கார்ந்திருந்து, ஒவ்வொரு வீட்டிலும் காப்பி குடித்தார்.

"ஊரு ஊட்டுக் காப்பியெல்லாம் குடிச்சுப்போட்டு வந்தா, இந்தூட்டுச் சோறு எப்படி எறங்கும்?" என்று அவர் மனைவி கண்ணாயி கேட்பாள்.

ஓட்டு மெஷினும் தூக்கியிருக்கிறார். அதைப் போட்டுக் காட்டச் சொல்ல முடியாது. கூடவே போலீஸ் வரும். மறுநாள் காலையில் முதல் ஆளாகப் போய் நின்று, தன் ஓட்டுக்கு அது 'பீப்' என்று சத்தம் கொடுத்ததும், அதையே காட்டியதாக வைத்துக்கொண்டார்.

கலைச்செல்வி பன்னிரண்டாவது படித்தபோது பள்ளியில் கொடுத்த லேப்டாப்பைத் தானே பையில் போட்டுத் தோளில் மாட்டி நடந்து வந்தாள். அர்த்தனாரி அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்குள்ள டிவி இருக்குதா?"

"டிவி, ரேடியோ, டேப்பு, தந்தி ஆபீசு எல்லாம் இருக்குதுப்பா."

"கனம் எங்க போச்சு?"

கல்லூரியில் முதல் பருவத்தில் பாடமாக வந்தபோதுதான், லீவுக்கு வந்தவள் மிளகு உதிர்த்துக்கொண்டே அதற்குப் பதில் சொன்னாள். முதலில் வந்த கம்ப்யூட்டர்களுக்குள் அப்பா தூக்கிய ரேடியோவில் இருந்த மாதிரிக் கண்ணாடி வால்வுகள்தான் இருந்தன. ஆயிரக்கணக்கில் இருந்தன. ஒரு கம்ப்யூட்டர் வைக்கப் பெரிய மண்டபமே வேண்டியிருந்தது. அப்புறம் வால்வு செய்த வேலையை மிளகு அளவு டிரான்சிஸ்டர் செய்தது. அப்புறம் அந்த டிரான்சிஸ்டர்களை நகத்தளவு சிலிக்கன் சில்லில் கூட்டங் கூட்டமாகப் பதித்தார்கள். கனம் அப்படித்தான் போனது.

"டிவி பொட்டி மட்டும் ஏன் அப்படிக் கனத்துச்சு?"

"உள்ள பிக்சர் டியூபு இருக்குமில்ல, அதுக்குள்ள காத்தே கெடையாதுப்பா. காத்தை உறிஞ்சி எடுத்துருவாங்க. வெளிக்காத்து அமுக்கி நொறுக்கிரக் கூடாதுன்னு கண்ணாடிய அத்தனை தடிமனா வெச்சிருப்பாங்க. மூஞ்சிப் பக்கம் இன்னும் எச்சா."

மூஞ்சிப் பக்கம் கனம் என்பது அவருக்குத் தெரிந்ததுதான். காரணம்தான் புதிது. "காத்துக்கூட இல்லாத பொட்டியவா இத்தன வருசம் செமந்தேன்" என்று சொல்லிவிட்டு, மிளகை முறத்தில் தட்டினார்.

பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் வந்தது ஓர் ஐப்பசி மாதம். அந்த வருஷம்தான் கலைச்செல்வியை ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருந்தார்கள். சோளக்காட்டில் ஜீப்பிலிருந்து நான்கு அட்டைப் பெட்டிகளை இறக்கி வைத்தார்கள். கூட வந்தவர், "ரெண்டு வேங்கைமேட்டுக்கு, ரெண்டு ஆலங்குழிக்கு. நனையக் கூடாது. யாரும் பிரிக்கக் கூடாது. எஞ்சினியர் வந்துதான் பிரிப்பாரு" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார். ஆலங்குழி, வேங்கைமேட்டுக்குப் போகிற வழியில் பாதித் தூரத்தில் இருக்கிறது. வேங்கைமேடு அதையும் தாண்டி, ஓடை இறங்கி ஏற வேண்டும். அர்த்தனாரி வழக்கம்போல் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து ஜோடி பிரித்தார். பிளாஸ்டிக் தாள் சுற்றி, ஊருக்கொரு நடையாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

எஞ்சினியர் வரவில்லை. வந்திருந்தாலும் அப்போது இரண்டு பள்ளிக்கூடத்திலும் கரண்டு இல்லை. நாலு வருஷம் கழித்துக் கரண்டு வந்தபோது, பெட்டியைக் கையெழுத்துப் போட்டு வாங்கிய ஹெட்மாஸ்டர் மாற்றலாகிப் போயிருந்தார். அடுத்து வந்தவர், முந்தியவர் பிரிக்காததை நாம் ஏன் பிரிப்பானேன் என்று விட்டார். அதற்கடுத்து வந்தவருக்கு அது பீரோவோடு சேர்ந்த பொருளாகத் தெரிந்தது. அர்த்தனாரி மட்டும் அரிசி மூட்டையோ முட்டைத் தட்டோ கொண்டுபோகும்போதெல்லாம் பீரோவின் மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவார்.

வியாழக்கிழமை பிள்ளைகள் போனபின், பெட்டிகளை இறக்கி வகுப்பறை நடுவில் வைத்தார்கள். தெரசா டீச்சர் கத்தரிக்கோலால் பெட்டியில் ஒட்டியிருந்த டேப்பை வெட்டினார். தெர்மோகோல் பொடிப் பொடியாக உதிர்ந்தது. உள்ளே டிவி மாதிரி ஒன்று, பாலிதீன் உறை கழற்றாமல், முதுகு புடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"மானிட்டர்" என்றாள் கலைச்செல்வி. "அடுத்ததுல சிபியூ இருக்கும். அதுதான்ப்பா கணக்குப் போடறது. இது காட்டறது மட்டும்."

அடுத்த பெட்டியைப் பிரித்தார்கள். அதிலும் ஒரு மானிட்டர்.

மூவரும் அந்த இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கலைச்செல்வி போய் பீரோவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். சுருட்டிய உலகப் படமும் ஒரு உடைந்த நாற்காலியும்தான் இருந்தன.

"ரெண்டு மூஞ்சி இருக்குது டீச்சர். மூளை ஒண்ணுகூட இல்ல."

தெரசா டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்ல ஆபீசு. எவனோ மாத்தி ஏத்தி விட்டிருக்கான். இத்தனை வருஷம் பீரோ மேல வெச்சு நாங்களும் காப்பாத்தியிருக்கோம்."

அர்த்தனாரி சிரிக்கவில்லை. குனிந்து ஒரு மானிட்டரைப் பெட்டியோடு தூக்கினார். வைத்தார். மற்றதைத் தூக்கினார். வைத்தார்.

"ஆபீசுல இல்லீங்க டீச்சர்," என்றார். "நாந்தானுங்க."

"நீங்க என்னண்ணே பண்ணினீங்க?"

"நாலு பொட்டி இருந்துச்சு. ரெண்டு கனம், ரெண்டு லேசு. கனத்துக்குக் கனத்தையும் லேசுக்கு லேசையும் கட்டினேன். தூரத்து ஊருக்குக் காலையில தெம்பா இருக்கறப்ப கனத்தைக் கொண்டாந்துட்டேன். பொழுதாயிருச்சு, லேசானதை ஆலங்குழியில எறக்கிட்டு ஊட்டுக்கு வந்துட்டேன். ரெண்டு இங்க, ரெண்டு அங்கன்னாங்க. எந்த ரெண்டுன்னு யாரும் சொல்லல. நானும் கேக்கல."

டீச்சர் குனிந்து, உதிர்ந்த தெர்மோகோலை அள்ளத் தொடங்கினார்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் விஷயம் கண்ணாயி காதுக்குப் போனது.

"லேசாகற பக்கம் ஒரு பலாப்பழத்தைக் கட்டியிருந்தா முடிஞ்சுதே" என்றாள் அவள்.

"ஐப்பசியில ஏது புள்ள பழம்?"

"பழமில்லாட்டிக் கல்லு இல்லியா?"

"மலைக்குக் கல்லுத் தூக்கிட்டு வாரவனப் பாத்தா ஊரு என்ன சொல்லும்? அதுக்குக் கூலி யாரு குடுப்பா?"

கண்ணாயி சாமைச் சோற்றைக் கிளறினாள். அர்த்தனாரி மகளிடம் திரும்பினார்.

"அது சேந்து வந்திருந்தா நீ தொட்டுப் பாத்திருப்பயா சாமி?"

கல்லூரி லேபில் முதல் நாள், மவுசை மேஜையில் வைத்து நகர்த்த வேண்டும் என்று தெரியாமல், டிவி ரிமோட் மாதிரித் திரையை நோக்கிக் காற்றில் பிடித்துக்கொண்டு நின்றவள் கலைச்செல்வி. பக்கத்துப் பெண் சிரித்தாள். லேப்டாப்தான் ஏற்கெனவே இருந்ததே என்றால், அதற்கு மவுஸ் கிடையாது. இதை அவள் வீட்டில் சொன்னதில்லை. இப்போது சொன்னாள், யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல. கடைசியில், "பள்ளிக்கூடத்துல அப்பக் கரண்டே இல்லப்பா. சேந்து வந்திருந்தாலும் பொட்டிக்குள்ளதான் இருந்திருக்கும்" என்றாள்.

"நீ அஞ்சாவது படிக்கறப்பக் கரண்டு வந்துச்சே."

கம்ப்யூட்டர் சேர்ந்து வந்திருந்தால் வாழ்க்கை மாறியிருக்கும் என்று சொல்ல அவளுக்குப் பிடிக்கவில்லை. மாறியிருக்காது என்று சொல்லவும் அவளிடம் ஆதாரம் இல்லை.

"ஆலங்குழியில அது இன்னும் இருக்குதோ என்னமோ," என்றார் அர்த்தனாரி. "நாளைக்கு ரெண்டு மூஞ்சியையும் அங்கயே கொண்டு போயிரலாம். சோளக்காட்டுக்குப் போற வழிதானே."

வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு மானிட்டர்களையும் காவடியில் கட்டினார். அன்று கட்டிய அதே ஜோடி. ஏற்றத்தில் வந்ததைவிட இறக்கத்தில் முழங்கால் அதிகமாக வலித்தது. கலைச்செல்வி பின்னால் வந்தாள். ஓடையில் தண்ணீர் கணுக்கால் அளவுதான். பாறையில் கால் வைக்கும்போதெல்லாம் முன்னால் தொங்கிய பெட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

"ஒடைக்கப் போற பொருளுக்கு இத்தனை பதனமாப்பா?"

"இன்னும் எறங்கலயே கண்ணு."

ஆலங்குழிப் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் மணிவண்ணன் ராசிபுரத்துக்காரர். வேடிக்கையாகப் பேசுவார். காவடியைப் பார்த்ததும், "என்ன அர்த்தனாரி, பழசை எடுத்துட்டுப் போவீங்கன்னு பாத்தா, கொண்டாந்து குடுக்கறீங்க?" என்றார். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார்.

"அட இவரே. எனக்கு முன்னால இருந்தவர் சாவியக் குடுக்கறப்பச் சொன்னாருங்க. சார், இது கம்ப்யூட்டரோட கரண்டுப் பொட்டி, கம்ப்யூட்டர் பின்னாடி வரும்னு. நானும் பின்னாடி வரும் பின்னாடி வரும்னு இருக்கறேன்."

"வந்துருச்சுங்களே" என்றார் அர்த்தனாரி.

இரண்டு பெட்டிகளில் ஒன்றின்மேல் குடிதண்ணீர்க் குடம் இருந்தது. அதன் அட்டை ஊறிப்போய், எறும்பு உள்ளே குடியிருந்தது. மற்றது வருகைப் பதிவேடுகளுக்கு அடியில் காய்ந்து கிடந்தது. கலைச்செல்வி காய்ந்ததைப் பிரித்தாள். சிபியூ, கீபோர்டு, அடியில் ரப்பர் குண்டு உருளும் பழைய மாதிரி மவுஸ், வயர்கள் எல்லாம் கசங்காமல் இருந்தன. மேஜைமேல் வைத்து மானிட்டரோடு பொருத்தினாள். சுவிட்சைப் போட்டாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

"பி.எஸ்சி.ன்னு சொன்னீங்க" என்றார் மணிவண்ணன்.

"இருங்க சார், பின்னாடி இன்னொரு சுவிட்ச் இருக்கும். எங்க காலேஜு லேப்லயும் எனக்கு முதல் நாள் இதே கதைதான்." முதுகுப்பக்கம் கையை விட்டுத் தடவி அழுத்தினாள்.

விசிறி ஒன்று உள்ளே சுற்றத் தொடங்கியது. தூசு வாசனை வந்தது. 'பீப்' என்று ஒரு சத்தம் கேட்டது. அர்த்தனாரி அந்தச் சத்தத்துக்குத் தலையை ஆட்டினார், தெரிந்த ஆளைப் பார்த்ததுபோல. ஆனால் திரை கறுப்பாகவே இருந்தது.

"போச்சு" என்றார் மணிவண்ணன்.

"சூடாகணுமுங்க சார்" என்றார் அர்த்தனாரி.

கறுப்பு மெல்லச் சாம்பல் நிறமானது. அதற்குள்ளிருந்து வெள்ளை எழுத்துகள் முதலில் மங்கலாக, பிறகு தெளிவாக, வரிசையாக எழும்பி வந்தன. படம் எதுவும் இல்லை. நான்கைந்து வரி இங்கிலீஷ், அதற்குக் கீழே ஒரு சின்னக் கோடு விட்டு விட்டு மின்னியது.

அர்த்தனாரி கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். கண்ணாடிக்கு முன்னால் கையை நீட்டியபோது கைமயிர் சிலிர்த்து எழுந்தது. எடுத்துவிட்டு மறுபடி நீட்டிப் பார்த்தார். மறுபடியும் எழுந்தது.

"என்ன கண்ணு சொல்லுது?"

"தேதி தெரியலன்னு சொல்லுதுப்பா. உள்ள ஒரு சின்ன பேட்டரி இருக்கும். அது தீந்துபோச்சு. அதனால இதுக்கு வருசம் நகரவே இல்ல. செஞ்சப்ப எந்த வருசமோ அதுலயே இருக்குது. சரியான தேதியப் போடச் சொல்லுது."

"போட்டா ஞாபகம் வெச்சுக்குமா?"

"வயரப் புடுங்கினா மறந்துரும்."

"அப்ப விட்டுரு."

மணிவண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார்.

"இவ்வளவுதானுங்க சார். உள்ள புரோகிராம் எதுவும் போடல. எஞ்சினியர் வந்துதான் போட்டிருப்பாரு."

"சரி, பாத்தாச்சில்ல. அணைச்சிரலாமா?"

"கொஞ்ச நேரம் இருக்கட்டுங்க" என்றார் அர்த்தனாரி. பிள்ளைகள் உட்காரும் பலகையில் உட்கார்ந்தார். தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கலைச்செல்வி அவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரின் தலைமுறைகளைப் பற்றி எத்தனை பக்கம் எழுதி மார்க் வாங்கியிருக்கிறாள். அதில் ஒரு தலைமுறை இப்படிச் சூடாகி எழுத்து வருவதை இன்றுதான் முதலில் இருந்து கடைசி வரை பார்த்தாள். அந்தக் கோடு மின்னிக்கொண்டே இருந்தது. சற்று நேரம் கழித்து அர்த்தனாரி, "எறங்கிருச்சு. அணைச்சிரு சாமி" என்றார்.

மறுநாள் கலைச்செல்வியும் கூட வர, இரண்டு நடையில் நான்கையும் சோளக்காட்டில் சேர்த்தார். மூஞ்சிக்கு மூஞ்சி, மூளைக்கு மூளை என்றே கட்டினார். உடைக்கிறவர்களுக்கு ஜோடி எப்படி வந்தாலும் ஒன்றுதான். லாரியில் இருந்தவன் மானிட்டரை வாங்கி மற்றவற்றின்மேல் எறிந்தான். கண்ணாடி உடையவில்லை.

"பாத்துப்பா" என்றார் அர்த்தனாரி, பழக்கத்தில்.

"ஒடைக்கத்தானுங்க கொண்டு போறோம்."

"அதுஞ்சரி."

பிறகு லாரியோடு வந்த கல்வி அலுவலகத்து ஆள் புதுப் பெட்டிகளை இறக்கி வைத்தார். நான்கு. "ரெண்டு வேங்கைமேடு, ரெண்டு ஆலங்குழி. கையெழுத்துப் போட்டு எடுத்துக்குங்க."

அர்த்தனாரி ஒவ்வொன்றாகத் தூக்கினார். இரண்டு கனம், இரண்டு லேசு. கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"உள்ள என்ன இருக்குதுன்னு பாக்கணுமுங்க."

"சீல் வெச்சதுங்க. பள்ளிக்கூடத்துலதான் பிரிக்கணும்."

"அப்பிடின்னா நான் தூக்கலீங்க."

அந்த ஆள் கலைச்செல்வியைப் பார்த்தார். அவள் அதற்குள் குனிந்து, பெட்டிகளின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த தாள்களைப் படித்துக்கொண்டிருந்தாள். "பிரிக்க வேண்டாம்ப்பா. கனமானது ரெண்டும் டேப்பு. லேசானது ரெண்டும் சார்ஜரு."

"ஒண்ணில்லாம ஒண்ணு ஓடுமா?"

"ஓடாது."

ஒரு கனமும் ஒரு லேசுமாக எடுத்து உறிகளில் வைத்தார். தண்டைத் தூக்கிப் பார்த்தார். முன்பக்கம் தாழ்ந்தது. இறக்கி வைத்துவிட்டு, ரோட்டோரம் போய்ப் பார்வையை ஓட்டினார். ஒரு கல்லை எடுத்தார், கையில் ஏந்திப் பார்த்துப் போட்டார். இன்னொன்றை எடுத்தார். அதைக் கொண்டுவந்து சார்ஜர் பெட்டிக்கு அடியில், கயிற்றுக்கு நடுவில் வைத்து இறுக்கிக் கட்டினார். தண்டு நேராக நின்றது.

அலுவலகத்து ஆளுக்குச் சிரிப்பு. "மலைக்குக் கல்லுக் கொண்டு போறீங்களா?"

"ஆமாங்க."

ஆலங்குழிக்கு வேண்டியதை மணிவண்ணன் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அர்த்தனாரி நேராக வேங்கைமேட்டுக்கு ஏறினார். ஓடை தாண்டிய ஏற்றத்தில் இடுப்பு ஒன்றும் சொல்லவில்லை. எதிரே சாணி அள்ளிக்கொண்டு வந்த பாவாயி நின்று, உறியில் இருந்த கல்லையும் அவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"ஏனுங்க, நம்மூருல கல்லு தீந்துபோச்சுங்களா?"

"இது சோளக்காட்டுக் கல்லு ஆயா. உறுதி எச்சா" என்று சொல்லிவிட்டு நடையைக் குறைக்காமல் போனார்.

தெரசா டீச்சர் சனிக்கிழமையென்றும் பாராமல் பள்ளிக்கூடத்தைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். பெட்டிகளை இறக்கியதும் அர்த்தனாரி கல்லை அவிழ்த்தார். காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்த கதவுக்கு அதையே முட்டுக் கொடுத்தார். டீச்சர் ஒரு டேப்பை எடுத்துப் பொத்தானை அழுத்தினார். திரையில் காலியான பேட்டரியின் படம் ஒன்று வந்துவிட்டு அணைந்தது. கலைச்செல்வி சார்ஜரைச் சொருகினாள்.

"சார்ஜ் ஏறணும்ணே. நேரமாகும். நீங்க போய்ச் சாப்பிடுங்க, திங்கட்கிழமை வந்து பாத்துக்கலாம்."

"இருக்கறேனுங்க டீச்சர்" என்றார் அர்த்தனாரி. தண்டைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, டேப்புக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார்.